வாளி நாறவில்லை

மார்ச் 4, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்த பெரியவர் ஒருவர் நெற்றிமேல் ஏற்றி வைத்த கண்ணாடியைக் கடை முழுக்கத் தேடினார். எல்லாரும் சிரித்தோம். பஸ் ஏறிய பிறகு அந்தச் சிரிப்பு எனக்கே சுருக்கென்றது. எங்கள் வீட்டிலும் ஒருவர் தேடிக்கொண்டுதான் இருக்கிறார். அவர் தேடுவது நெற்றிமேல் இல்லை.

படி ஏறும்போதே கருகல் வாடை. மூன்று மாடியும் மூச்சிரைக்க ஏறி வந்து கதவைத் திறந்தால், இவர் அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். சட்டியில் வெங்காயம் கரிக்கட்டையாகிவிட்டது. விரித்த பேப்பர் புகையை மறைத்திருக்கிறது. என் முகத்தைப் பார்த்துத்தான் திரும்பி அடுப்பைப் பார்த்தார்.

ஓட்டலின் விருந்துக் கூடத்துக்கே தலைமைச் சமையல்காரர் இவர். வீட்டில் முன்னறையில் உட்கார்ந்தபடியே, "எண்ணெய் இன்னும் காயல, அதுக்குள்ள போடாதே" என்று என்னை அதட்டுகிற ஆள். பாதி சமையல் மூக்கால்தான். ஜனவரியில் வந்த காய்ச்சல் போகும்போது வாசத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சளி இறங்கினால் சரியாகிவிடும் என்றார்கள். சளி எப்போதோ இறங்கிவிட்டது. ஓட்டலில் லீவு கொடுத்திருக்கிறார்கள், எதுவரைக்கும் என்று அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

சட்டியை அவரே தேய்த்தார். யாரையாவது திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 7, வெள்ளி

காது மூக்கு தொண்டை டாக்டர். வரலாம், வராமலும் போகலாம் என்றார். நாக்கு வேலை செய்யும், வாசம் இல்லாததால் எல்லாம் சப்பென்று இருக்கும் என்றார். இவர் காதில் அது ஏறியதாகத் தெரியவில்லை. மூக்குக்கும் உடற்பயிற்சி உண்டாம். நான்கு விதமான வாசனைகளைக் காலையும் மாலையும் கண்ணை மூடி முகர வேண்டும். அதற்கென்று சின்னச் சின்ன எண்ணெய்ச் சீசா விற்கிறார்களாம்.

"சீசாவுல அடைச்சது செத்த வாசம் டாக்டர். நான் உசுரோட வளர்த்துக்கறேன்" என்றார் இவர்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இந்த மனுஷர் இதுவரை வளர்த்தது மீசை ஒன்றுதான்.

மார்ச் 9, ஞாயிறு

பால்கனியைக் காலி செய்தார். கால் உடைந்த நாற்காலி, மகளின் பழைய சைக்கிள், வாஷிங் மெஷின் வந்த பெட்டி (வருஷக்கணக்காக "இருக்கட்டும், உதவும்" என்று நான் காப்பாற்றி வந்தது) எல்லாம் போயின. துணிக்கொடியை மட்டும் விட்டுவைத்தார். எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து வெயில் மெதுவாக வந்து, மதியம் கழிந்ததும் கிளம்பிவிடுகிறது. இத்தனை வருடம் இங்கே குடியிருந்தும் இன்றுதான் அதைக் கவனித்தேன்.

ஓட்டலிலிருந்து காலி எண்ணெய் டின்கள் வந்தன. அடியில் ஓட்டை போட்டார். மண்ணையும் எருவையும் தரையில் கொட்டித் தண்ணீர் தெளித்துப் பிசைந்தார். ஒரு கை எடுத்து அழுத்தினார், உருண்டை நின்றது. விரலால் தட்டினார், உதிர்ந்தது. "பதம் வந்துருச்சு" என்றார். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். மாவு சொல்லிக் கொடுத்தது என்றார். கேலி செய்ய வாய் துறுதுறுத்தது. ஆனால் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

நான்கு வாசம்: புதினா, கொத்தமல்லி, எலுமிச்சைப் புல், கற்பூரவல்லி. கற்பூரவல்லிக் குச்சி கீழ்வீட்டு அக்கா கொடுத்தது. கூடுதலாக, அழுகப்போன தக்காளி ஒன்றைப் பிழிந்து ஒரு டின்னில் புதைத்தார். அது கணக்கில் சேராது, குப்பைக்குப் போக மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 12, புதன்

டம்ளர் தண்ணீரில் போட்ட புதினாக் காம்பை எடுத்து எடுத்துப் பார்க்கிறார், வேர் வந்துவிட்டதா என்று. அடுப்பில் வைத்த பாலைக்கூட இவர் இப்படிக் காவல் காத்ததில்லை.

மார்ச் 23, ஞாயிறு

புதினா வேர்விட்டு டின்னுக்குப் போயாயிற்று. கொத்தமல்லி தலையில் விதைத்தோலைக் கவிழ்த்துக்கொண்டே வெளியே வந்திருக்கிறது.

இன்று ஒரு மூடி போட்ட பெரிய வாளி வந்தது. காய்த்தோல், கீரைக் காம்பு, டீத்தூள் எல்லாம் இனி அதற்குள்ளே. மக்கி உரமாகுமாம். ஓட்டலில் தினமும் ஒரு வண்டி குப்பை போவதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவர். இங்கே ஒரு வெங்காயத் தோல் வெளியே போகக்கூடாது என்று உத்தரவு.

ஏப்ரல் 5, சனி

காலையும் மாலையும் பயிற்சி நடக்கிறது. இலையைக் கசக்குவார், கண்ணை மூடுவார், இழுப்பார். ஒன்றும் இல்லை என்பது முகத்திலேயே தெரியும். உடனே அதே இலையை என் மூக்குக்கு நீட்டி, "நீ சொல்லு" என்பார்.

"புதினா வாசம்" என்றேன் முதல் நாள்.

"புதினா வாசம்னா எப்படி?"

புதினாவுக்குப் புதினா வாசம்தானே அடிக்கும்? எரிச்சலாக வந்தது. இன்று என்ன தோன்றியதோ, நானும் கண்ணை மூடி இழுத்துப் பார்த்தேன். முதலில் ஒரு குளிர்ச்சி, பிறகு மூக்கு நுனியில் லேசாக ஒரு குத்து, எல்லாம் அடங்கிய பிறகு அடியில் நனைந்த புல். அப்படியே சொன்னேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டு கண்ணைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். கற்பூரவல்லிக்குத் "தைலம் தேய்ச்ச நெஞ்சு" என்றேன். தக்காளி இலைக்கு என்ன சொல்வது என்று வெகுநேரம் யோசித்து, "இரும்பு கேட்டைப் பிடிச்ச கை" என்றேன். "ஆமா, ஆமா" என்று தலையை ஆட்டினார்.

சமையல்காரரைக் கட்டிக்கொண்டு இத்தனை காலம் நான் மூக்கைச் சும்மா மூச்சு விடத்தான் வைத்திருந்திருக்கிறேன்.

ஏப்ரல் 12, சனி

வாளி நாறுகிறது.

நேற்றே எனக்கு வந்தது. எங்கோ வெளியிலிருந்து வருகிறது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். இன்று பக்கத்து வீட்டு டிரில் மாஸ்டர் கதவைத் தட்டினார். பள்ளிக்கூடத்தில் விசில் ஊதி ஓய்வு பெற்றவர். அவர் "சௌக்கியமா" என்று கேட்டாலே நமக்குக் கால் தானாகச் சேரும். நல்லவேளை, இவர் குளித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, உங்க பால்கனியில எலி கிலி செத்துக் கெடக்கா?"

குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல், ஓட்டல், டாக்டர், நான்கு வாசம். தினமும் இரண்டு தடவை மூடியைத் திறந்து, குனிந்து பார்த்து, "அருமையா மக்குது" என்று இவர் பெருமைப்படுவதையும் சொன்னேன். அப்படிக் குனிந்து நிற்கிற மனுஷரிடம் போய், இதனால் ஊரே நாறுகிறது, உங்களுக்கு இதுகூடத் தெரியவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

மாஸ்டர் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். "நாறலம்மா. எனக்குத்தான் வயசாயிடுச்சு, என்னென்னமோ வாடை வருது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். இந்த மாஸ்டரைப் போய் இத்தனை வருடம் சிடுமூஞ்சி என்று சொல்லிக்கொண்டிருந்தேனே.

யார் வந்தது என்று இவர் கேட்டார். புதினா கிடைக்குமா என்று மாஸ்டர் கேட்டார் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. ஆகவே இன்றிலிருந்து இந்த வீட்டுச் சட்டம்: வாளி நாறவில்லை.

ஏப்ரல் 16, புதன்

கடையில் விசாரித்தேன். ஈரக் குப்பையை மட்டும் கொட்டினால் நாறத்தான் செய்யுமாம், காய்ந்தது ஏதாவது கலக்க வேண்டுமாம். அவர் குளிக்கப் போனதும் கண்ணாடி வில்லைகள் வந்த அட்டைப் பெட்டிகளைக் கிழித்துக் கிழித்துப் போட்டுக் கிளறினேன். ஒரு கையில் மூக்கு, ஒரு கையில் குச்சி. நாற்றம் குறைந்ததே தவிர போகவில்லை. கல்யாணமான புதிதில்கூட நான் இவருக்காக இவ்வளவு திருட்டுத்தனம் செய்ததில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

காலையில் பால்கனியிலிருந்து கூப்பிட்டார். குரலே வேறு மாதிரி இருந்தது. விரலை மூக்கில் வைத்தபடி நிற்கிறார். "புதினா வருது. லேசா. நிஜமா வருது." கண் நிறைந்திருந்தது.

நான் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டிருக்கலாம். ஆனால் என் பிழைப்பு அப்படி. ஆளை உட்கார வைத்து, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுவா, அதுவா, எது தெளிவு?" என்று நாள் முழுக்கக் கேட்கிறவள். சிலர் எழுத்தைப் பார்க்காமல் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள், அதைக் கண்டுபிடிப்பதும் என் வேலை. கண்ணை மூடுங்கள் என்றேன். தக்காளி இலை ஒன்றைக் கசக்கி நீட்டினேன். இது என்ன?

"புதினா. நல்லாவே வருது" என்றார், சிரித்துக்கொண்டே.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கவும் மாட்டேன். ஆனால் அந்தக் கைக்குத் தெரியாத இலை உண்டா? என்னிடமிருந்து வாங்கி விரலில் உருட்டினார். தக்காளி இலையில் மெல்லிய சுணை இருக்கும். உருட்டுவது நின்றது. கண்ணைத் திறந்தார்.

"நெனப்புதான் வாசம் அடிச்சிருக்கு" என்றார். கோபமே இல்லை. அதுதான்—

எதுக்குடி உனக்கு இந்தப் பரீட்சை? கடையில பண்றது பத்தாதா? நெனப்போ நெசமோ, அவருக்கு வந்துச்சுல்ல? ஒரு நாள் வெச்சுக்கட்டுமே. ஒரே ஒரு நாள்.

ஏப்ரல் 28, திங்கள்

முகரவில்லை. தண்ணீர் மட்டும் ஊற்றினார்.

மே 6, செவ்வாய்

மகள் ஹாஸ்டலிலிருந்து வந்தாள். பையை வைப்பதற்குள், "அம்மா, என்ன இது இப்படி—" என்று மூக்கைச் சுருக்கினாள். இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினேன். "—வெயில் அடிக்குது" என்று முடித்தாள். என் வயிற்றில் பிறந்தவள்தான், சந்தேகமே இல்லை.

அப்பா இப்படி மெலிந்துவிட்டாரே என்று பிறகு என்னிடம் தனியாக அழுதாள். சாப்பாட்டை அவர் மருந்து மாதிரி விழுங்குகிறார். எதைக் கேட்டாலும் மண்ணு மாதிரி இருக்கு என்கிறார். மகள் தன் கையால் சமைத்தாள். அதையும் அப்படித்தான் விழுங்கினார்.

மே 14, புதன்

செடிகள் போகின்றன. ஒரு வாரமாகவே புதினா இலையின் ஓரமெல்லாம் தீய்ந்திருந்தது. இன்று கொத்தமல்லி படுத்தேவிட்டது. எலுமிச்சைப் புல்லின் நுனி வைக்கோல். தக்காளி மட்டும் அசரவில்லை. வெயில்தான் காரணம் என்று இவர் என் பழைய சேலையைப் பந்தலாகக் கட்டியிருந்தார்.

டின்களின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது.

காய் வேகவைத்த தண்ணீரை இவர் எந்தக் காலத்திலும் கொட்ட விடமாட்டார். ஓட்டல் பழக்கம், அங்கே அது சூப்புக்குப் போகும். இப்போது சமையல் நான், அந்தத் தண்ணீரை ஒரு குண்டானில் எடுத்து வைப்பேன், ஆறியதும் இவர் செடிக்கு ஊற்றுவார். நான் உப்புப் போட்டுத்தானே வேகவைக்கிறேன்! இவர் அடுப்படியில் உப்பு பிறகுதான் விழும். அது எனக்குத் தெரியாது. எனக்கு உப்புப் போடும் பழக்கம் என்பது அவருக்குத் தெரியாது. எத்தனை வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம் என்று கேட்டால் வெட்கக்கேடு.

சொன்னேன். "ருசி பாக்காம ஒரு சொட்டுத் தண்ணியக்கூட அடுத்த பாத்திரத்துல ஊத்த மாட்டீங்களே, இதை எப்படி..."

டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ருசி பாக்கறதை விட்டுட்டேன். எதைப் பாக்க?" என்றார்.

காய்ச்சலில் வாய் சப்பென்று போனதிலிருந்து நாக்கும் செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார். டாக்டர் சொன்னது, நான் சொன்னது எதுவும் ஏறவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக எதையும் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தே இறக்கிய மனுஷர், அதற்குப் பிறகு ஒரு தடவைகூட விரலை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. நான் கவனிக்கவே இல்லை.

டின் விளிம்பில் இருந்த வெள்ளையை விரலால் வழித்தார். பார்த்துக்கொண்டே நின்றார். நாக்கில் வைத்தார்.

"உப்பு."

மறுபடி வழித்தார். மறுபடி வைத்தார். "உப்புதான். கரிக்குது. நல்லாத் தெரியுது." அந்த மண் ஒட்டிய வாயோடு என்னைப் பார்த்து, "ஏம்மா, உப்பு தெரியுது" என்றார்.

செத்துப்போன கொத்தமல்லிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் சிரித்தோம். நான் அழவும் செய்தேன்.

மே 15, வியாழன்

காலையில் எழுந்ததும் அடுப்படியில் சத்தம். சர்க்கரை, எலுமிச்சம்பழம், மிளகு, வெந்தயம் எல்லாம் சின்னச் சின்னக் கிண்ணத்தில். ஒவ்வொன்றாக நாக்கில் வைத்து, வாய் கொப்பளித்து, அடுத்தது. எல்லாம் தெரிகிறது. மிளகில் காரம் இருக்கிறது, மிளகு இல்லை என்றார். எனக்கு அது புரியச் சற்று நேரம் ஆயிற்று.

மே 18, ஞாயிறு

மண்ணில் ஏறிய உப்பைக் கழுவி இறக்க வேண்டும் என்று டின் டின்னாக நல்ல தண்ணீர் ஊற்றினார். அது நேரே கீழ்வீட்டு அக்கா காயப்போட்ட படுக்கை விரிப்பில் இறங்கியது. அக்கா ஈர விரிப்போடு மேலே வந்தார். சண்டைக்கு முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தவர், காய்ந்து நின்ற கற்பூரவல்லியைப் பார்த்ததும் அடங்கிப்போனார். "நான் குடுத்த குச்சியா இது, இந்தக் கோலத்துல? இருங்க, வேற ஒடிச்சுட்டு வரேன்" என்று போய்விட்டார். போகும்போது வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. இந்தக் கட்டடத்தில் வாடகை மட்டும்தான் அதிகம் என்று நினைத்திருந்தேன், மனசும் அதிகம்தான்.

ஜூன் 8, ஞாயிறு

புதினா அடியிலிருந்து துளிர்த்துவிட்டது. அதற்கு மானம் ரோஷம் எதுவும் கிடையாது, எதைச் செய்தாலும் திரும்ப வரும்.

இப்போது தோட்டத்தின் போக்கே மாறிவிட்டது. மூக்குக்காக வைத்தது போய் நாக்குக்காக வைக்கிறார். புளிப்புக்குப் புளிச்சகீரை, கசப்புக்குப் பாகல், உறைப்புக்கு மிளகாய். தக்காளி பூத்திருக்கிறது. காற்று இந்த மூலைக்கு வராது என்று தினமும் பூங்கொத்தை விரலால் சுண்டிவிடுகிறார். சட்டியில் கடைசியாக உப்பைத் தூவும் அதே விரல் அசைவு.

பாகல் கொடி என் துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டது. அவிழ்க்கப் போனேன், கம்பிச்சுருள் மாதிரி சுற்றியிருக்கிறது, மனசு வரவில்லை. துணியெல்லாம் இப்போது முன்னறை நாற்காலிகளில் காய்கிறது. டிரில் மாஸ்டர் வந்து, கயிறு கோணலாகப் போகிறது என்று கண்டித்து, தன் கையாலேயே நேராகக் கட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

ஜூன் 22, ஞாயிறு

மாட்டிக்கொண்டேன். வாளியைக் கிளறும்போது ஒரு அட்டைத்துண்டு மேலே வந்திருக்கிறது, எங்கள் கடைப் பெயர் அச்சடித்தது. கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இது எப்படி உள்ள வந்துச்சு?"

"புழுவுக்கு அட்டைன்னா பிடிக்குமாம். படிச்சேன்."

"அப்படியா" என்றார். என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம், "சரி, பிடிச்சதைப் போடு" என்றார். நான் பொய் சொன்னால் காது சிவக்கும் என்று அம்மா சொல்வாள்.

ஜூலை 20, ஞாயிறு

இன்று முழுச் சமையலும் அவர். ஜனவரிக்குப் பிறகு முதல் தடவை. மாஸ்டரையும் கீழ்வீட்டு அக்காவையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்.

நான் ஒரு மூலையில் நின்று பார்த்தேன். என்னை எதையும் முகரச் சொல்லவில்லை. வெங்காயத்தைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக் காது கொடுத்தார். ஈரம் இருக்கும்வரை சத்தம் பெரிதாக வருமாம், ஈரம் வற்றியதும் மெலியுமாம். மெலிந்ததும் கண்ணைத் திறக்காமலே அடுப்பைக் குறைத்தார். எனக்கு எந்த வித்தியாசமும் கேட்கவில்லை. கீரையைக் கரண்டியில் எடுத்துச் சாய்த்து அது வழிகிற வேகத்தைப் பார்த்தார். பாகற்காயை விரலால் நசுக்கினார். ஒவ்வொன்றையும் நாக்கில் வைத்தார், ஒரு தடவைக்கு இரண்டு தடவை. மிளகாயை மட்டும் மூன்றாவது தடவையும் பார்த்தார், தன் செடி என்ற பெருமையில்.

எங்கள் தக்காளி, எங்கள் கீரை, எங்கள் பாகல், எங்கள் மிளகாய். மற்றது கடையில் வாங்கியதுதான், அதை மறைக்க வேண்டியதில்லை.

முன்பு மாதிரி இருந்ததா? இல்லை. முன்பு இவர் சமையல் வாசலிலேயே ஆளை இழுக்கும், இது இழுக்கவில்லை. ஆனால் வாயில் வைத்ததும் புளிப்பு ஒரு பக்கம், கசப்பு ஒரு பக்கம், நடுவில் காரம், எதுவும் எதையும் மிதிக்கவில்லை. மாஸ்டர் பேசாமல் தட்டை நீட்டி இரண்டாவது தடவை வாங்கினார். பாகற்காயை! அக்கா, "அண்ணே, இதுல என்ன போட்டீங்க?" என்று கேட்டார். "காது" என்றார் இவர்.

இவரைக் கட்டிக்கொண்டதற்கு வருடத்துக்கு ஒரு நாள் பெருமைப்படுவேன். இந்த வருடம் கணக்கு தப்பிப்போய்விட்டது.

ஜூலை 28, திங்கள்

ஓட்டலுக்கு அவரே போனார். மேனேஜரிடம் என்ன சொன்னார் என்பதை வந்து அப்படியே சொன்னார். "மூக்கு போயிடுச்சு சார். வரும்னு சொல்லி ஏமாத்த மாட்டேன். நாக்கு இருக்கு, காது இருக்கு, கை இருக்கு. பொருள் கெட்டிருக்கா இல்லையான்னு பாக்க மட்டும் பக்கத்துல நல்ல மூக்கு ஒண்ணு வேணும், அதை எனக்குக் கேக்க வெட்கமில்ல."

மேனேஜர் அடுப்படியிலிருந்து ஒரு கிண்ணம் சூப் வரவழைத்து முன்னால் வைத்தாராம். இவர் ருசித்துவிட்டு, உப்பு சரி, புளிப்பு போதாது, இறக்கி வைத்து வெகுநேரமாகிவிட்டது, மேலே ஆடை தடித்திருக்கிறது என்றாராம். ஒன்றாம் தேதி வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

சட்டையை நானே இஸ்திரி போட்டேன். அவர் பால்கனியில் மிளகாய்ச் செடிகளிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அதோடு லேசாக ஒரு வருத்தமும். "வரும்னு சொல்லி ஏமாத்த மாட்டேன்" என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். இனி நாங்கள் இரண்டு பேருமே எதிர்பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வேலைக்குக் கிளம்பும் முன் தினமும் ஒரு புதினா இலை. கசக்கி, ஒரு முறை முகர்ந்து, வாயில் போட்டு மென்றுகொண்டே படி இறங்குகிறார். பயிற்சி இல்லை அது. சிலர் வெளியே போகும் முன் பூட்டை இழுத்துப் பார்ப்பார்கள் இல்லையா, அந்த மாதிரி.

ஆகஸ்ட் 30, சனி

மாஸ்டர் ஜன்னலைத் திறந்து வைத்தே தூங்குகிறார். வாளியின் காற்று நேரே அங்கேதான் போகிறது. பாகற்காய் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நாறலம்மா" என்றார், நான் கேட்காமலே.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று அவருக்கு மாலையில்தான் வேலை. நான் முன்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் புதினாவைக் கசக்கி முகர்ந்து வாயில் போட்டுக்கொண்டார், வழக்கம்போல. காய்த்தோல் தட்டை எடுத்துக்கொண்டு போய் வாளியைத் திறந்தார்.

தட்டு கையிலேயே நின்றது. மூடியைப் போட்டார். மறுபடி திறந்தார்.

"ஏம்மா. இங்க வா."

போனேன். முகம் கோணிப்போயிருந்தது. மூக்கு சுருங்கி, மேல் உதடு ஏறி... அந்த முகத்தை நான் பார்த்து எத்தனை மாதம்.

"இந்த வாளி இவ்வளவு நாளா இப்படியா நாறுச்சு?"

கண்ணை மூடுங்கள், இதுவா அதுவா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். பரீட்சை வேண்டாம். புதினாவை நினைத்துக்கொண்டு முகரலாம், அன்றைக்கு அதுதான் நடந்தது. இந்த வாளியை அவர் ஒரு நாளும் முகர்ந்ததில்லை. நினைத்துக்கொள்ள அவரிடம் என்ன இருக்கிறது?

"புழுவுக்கு அட்டை பிடிக்கும்னு சொன்னியே" என்றார்.

"பிடிக்கும்" என்றேன். காது சுட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் மாஸ்டர் செருமினார். "நாறல சார். நாறவே இல்ல" என்றார், அணிவகுப்பு மைதானம் முழுக்கக் கேட்கிற குரலில்.

"நாறுது மாஸ்டர்" என்றார் இவர். "நல்லா நாறுது." குரல் உடைந்துவிட்டது.

மூடியை எடுத்துப் போடப் போனேன். கையைப் பிடித்துத் தடுத்தார். "மூடாதே. கொஞ்ச நேரம் இருக்கட்டும்." பாகல் கொடிக்குக் கீழே, வாளிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து மூச்சை இழுத்து இழுத்து விட்டார். ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சுளித்தார், மறுபடி இழுத்தார்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூக்கைப் பிடித்துக்கொள்ளவில்லை.